ஒன்றரை ஷிப்டுக்கு ஒரு பால்வாடி

திருப்பூரில் ஏதாவது ஒரு லைன் வீட்டு வாசலில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். ஒரே வரிசையில் ஏழெட்டு வீடு, பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு கதவிலிருந்தும் டிபன் பாக்ஸும் கையுமாக ஒரு பெண் வெளியே வருவாள். ஒருத்தி ஓவர்லாக் தைப்பவள், ஒருத்தி செக்கிங், இன்னொருத்தி பிசிர் வெட்டுபவள். எட்டரைக்குள் பனியன் கம்பெனிக்குள் இருக்க வேண்டும். அதில் ஒருத்தியின் இடுப்பில் பத்து மாதக் குழந்தை. தோளில் ஒரு கட்டைப்பை. உள்ளே நாலைந்து துணி, பால் பாட்டில், குழையப் பிசைந்த பருப்புச்சாதம் ஒரு டப்பாவில், காய்ச்சல் மருந்து ஒரு புட்டி. கடைசி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.

“அக்கா, இன்னைக்கு ஒண்ணரை ஷிப்டுங்க. ராத்திரி ஆயிரும். கொஞ்சம் பாத்துக்குங்க.”

ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று திருப்பூரில் யாரும் விளக்க மாட்டார்கள், வெளியூர்க்காரருக்குத்தான் சொல்ல வேண்டும். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் நாலு மணி நேரம் அரை ஷிப்ட். காலையில் போனவள் வீடு திரும்ப இரவு எட்டரை, ஒன்பது. கப்பலேற்றும் தேதி நெருங்கிவிட்டால் இதுதான் தினசரி. கதவைத் திறக்கும் அந்த அக்கா காப்பகம் நடத்துபவர் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. முதுகுவலியோ சர்க்கரையோ வந்து தையலை விட்டவராக இருப்பார். வாரச் சம்பளம் வந்ததும் ஏதோ ஒரு தொகை கைமாறும். நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் பின்னலாடைக்குப் பெரிய இடம் உண்டு. அந்த அக்காவுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

“அந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா? பாட்டி பார்த்துக்கொண்டாள், வளர்ந்துவிட்டோம்” என்று சொல்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பாதி உண்மை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன தாய், வரப்போர மரத்தில் தூளி கட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். குழந்தை அழுதால் கரையேறி வந்து பால் கொடுத்தாள். வீட்டில் இருந்தால் கிழவி பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்தத் தூளியை ஆட்டியது யார்? ஒன்பது வயது அக்காக்காரி. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்தை விட்ட பெண்பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. பழைய ஏற்பாடு இலவசமாக நடந்ததுபோலத் தெரிவதற்கு அந்தச் சிறுமி தன் படிப்பைக் கொடுத்தாள் என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்று அந்த ஏற்பாட்டின் கண்ணிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போய்விட்டன. தாயின் வேலை வயலிலிருந்து கம்பெனிக்குப் போய்விட்டது. ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் தூளி கட்ட முடியாது. அக்காக்காரி பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், நல்லவேளை. பாட்டிக்கோ இப்போது ஐம்பது வயதுதான் ஆகிறது. அவளும் வேலைக்குப் போகிறாள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் பெண்கள். அதில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஏராளம். அந்தப் பாட்டி இருப்பதும் தேனியிலோ திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலோ. மகள் குடும்பம் இருப்பது திருப்பூரில். குழந்தையைப் பாட்டியிடம் விட்டு வளர்க்கலாம், ஆனால் அப்போது அம்மா மாதம் ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி.

சரி, அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா? நிறையச் செய்திருக்கிறது. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டைக் குறை சொல்பவர்கள் மற்ற மாநிலங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி 1972-இல் அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாகுறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, இரண்டு வயது நிரம்பிய பால்வாடிக் குழந்தைகளுக்கும் அதில் தட்டு வைக்கப்பட்டது. சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் ஆள் எடுத்தபோது கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. எந்தக் குக்கிராமத்துக்குப் போனாலும் வெள்ளையடித்த ஒரு சின்னக் கட்டடம், சுவரில் யானையும் கிளியும், உள்ளே எடை பார்க்கும் தராசு, பாயில் வரிசையாகத் தூங்கும் வாண்டுகள், மூலையில் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் ஆயாம்மா.

ஆனால் இந்த அமைப்பு முளைத்த கேள்வி வேறு. எழுபதுகளில் கண்முன் நின்ற கேள்வி பசி: குழந்தை எடை கூடுகிறதா, தடுப்பூசி போட்டாயிற்றா, ஒருவேளையாவது வயிறு நிறைகிறதா. அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள் என்ற கேள்வி அப்போது வடிவமைத்தவர்களின் மேசைக்குப் பெரிதாக வரவில்லை. மீனா சுவாமிநாதன் போன்ற சிலர் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று பிற்பாடு பல ஆண்டுகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கட்டடம் என்னவோ பசிக்கு எழும்பியதாகவே நின்றுவிட்டது.

இதை வயதில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். மகப்பேறு சட்டம் 2017-இல் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதாவது ஆறு மாதம். அங்கன்வாடியில் குழந்தையை உட்காரவைத்துச் சோறு போட ஆரம்பிப்பது இரண்டு வயதுக்கு மேல். அதற்குக் கீழே இருக்கும் குழந்தைக்குச் சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்கு வரும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வராது. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் உள்ள ஒன்றரை வருடம்தான் குழந்தை தவழ்ந்து, எழுந்து, விழுந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடும் காலம். ஒரு நிமிடம் கண்ணை எடுக்க முடியாத காலம். அந்த ஒன்றரை வருடத்துக்குப் பெரும்பாலான ஊர்களில் எதுவுமே கிடையாது.

இதுவும் 26 வாரம் கிடைப்பவளுக்குத்தான். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். பெரிய கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கும் தொழிலாளிக்கு ஆறு மாதம். காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் பிசிர் வெட்டுபவளுக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் விடுப்பு என்று ஒன்று கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் பொருளும் பணமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குக் கிடைக்கும். அதுவும் தவணை தவணையாக. அது பெரிய உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் அதை ஆறு மாதச் சம்பளத்துக்கு ஈடு என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே மாநிலம், ஒரே மாதிரிக் குழந்தை. அம்மாவின் சம்பளச் சீட்டு எந்த நிறம் என்பதைப் பொறுத்து அதற்குக் கிடைக்கும் தாய்ப்பால் காலம் மாறுகிறது.

அடுத்து, மணிக்கணக்கு. அங்கன்வாடி மாலை நாலு மணிக்குள் பூட்டிவிடும். திருப்பூர்க்காரியின் அரை ஷிப்ட் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

“தொழிற்சாலைக்குள்ளேயே காப்பகம் வைக்கச் சட்டம் இருக்கிறதே” என்று கேட்கலாம். இருக்கிறது, அதுவும் பல தடவை எழுதப்பட்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் என்றது. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்தில், வேலையிடத்துக்கு ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள மட்டும் நிறுத்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று இருந்தது. மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் ஒரு படி மேலே போய், ஐம்பது ஊழியர் இருக்கும் எந்த நிறுவனமும் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பார்த்துவர விட வேண்டும் என்றது. அந்த ஐம்பது ஆணும் பெண்ணும் சேர்ந்த எண்ணிக்கை. குழந்தையைப் பெண் ஊழியர் தலையில் மட்டும் கட்டாத அந்த ஒரு சின்ன மாற்றம், முந்தைய சட்டங்களில் இருந்த ஓட்டை ஒன்றை அடைத்தது. பெண்கள் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால், பெண்களைக் குறைவாக எடுத்தால் போதுமே என்று எந்த முதலாளிக்கும் தோன்றும்.

பின்னலாடைத் தொழிலில் சட்டத்தை மீறக்கூட வேண்டியதில்லை; அதன் அளவுகோலுக்குக் கீழேயே இருந்துவிடலாம். ஒரு டி-ஷர்ட் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று ஆறு இடம் சுற்றித்தான் பெட்டிக்குள் போகிறது. பாதி இடங்கள் பத்து மெஷின், இருபது மெஷின் போட்ட ஜாப் ஒர்க் ஷெட்டுகள். முப்பதும் ஐம்பதும் அங்கே எட்டாத எண்கள். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் காப்பகம் உண்டு. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருவார் என்பதால் சுவரில் ஓவியமும் தொட்டிலும் இருக்கும். அதைப் பயன்படுத்த முடியாத காரணம் பல நேரங்களில் பேருந்துதான். நாற்பது கிலோமீட்டர் தள்ளிய கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவள், கைக்குழந்தையை அந்த நெரிசலில் தினம் இரண்டு வேளை எப்படித் தூக்கி வருவாள்?

சட்டம் எங்கே நிஜமாக நடைமுறைக்கு வந்தது என்று தேடினால் தேயிலைத் தோட்டம்தான் முதலில் நிற்கிறது. வால்பாறையிலும் நீலகிரியிலும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி காப்பகங்கள் நடந்தன. இலங்கை மலையகத்தில் பிள்ளை மடுவம் என்று லயத்துச் சனங்கள் சொல்லும் இடமும் இதே மாதிரிக் காப்பகம்தான். கொழுந்து பறிக்கப் போகும் தாய் விடிகாலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மலையேறுவாள். துரைமார் கருணையால் வந்ததென்று நினைக்க வேண்டாம். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை, கொழுந்து காத்திருக்காது. பெண் வராவிட்டால் தோட்டமில்லை என்ற நிலை இருந்த இடத்தில் காப்பகம் வந்தது.

இதே தர்க்கத்தை இன்றைய தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்தால் சங்கடமான ஒன்று தெரிகிறது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பெண் கை இல்லாமல் இங்கேயும் ஒன்றும் ஓடாது. ஆனால் தோட்டத்துக்குக் குடும்பமாக ஆள் வேண்டியிருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கோ மணமாகாத இருபது வயதுப் பெண்கள் போதும். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அந்தப் பகுதியில் ஐபோன் பூட்டும் நிறுவனம் ஒன்று மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டிருந்தது. நிறுவனம் மறுத்தது, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. விடுதி நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதினெட்டாயிரம் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குச் சில வருடங்களில் கல்யாணமாகிக் குழந்தை பிறக்கும். அப்போது அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு அந்தக் கட்டடத்தில் பதில் இல்லை.

சென்னைக்கு வந்தால் கதை வேறு மாதிரி. 2000-க்குப் பிறகு நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளை அகற்றிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வீடு கான்கிரீட் ஆனது. ஆனால் வேலை இன்னும் அடையாறிலும் மயிலாப்பூரிலும்தான். முன்பு ஆற்றோரக் குடிசையிலிருந்து ஐந்து நிமிடம் நடந்து போய்ப் பாத்திரம் தேய்த்துவிட்டு, நடுவில் ஓடிவந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். இப்போது காலை ஆறு மணிப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது கையில் மிஞ்சும் காசு. போகும் வரும் நேரம் மிஞ்சாது. எதிர்க் குடிசையில் இருந்த பெரியம்மாவுக்கு வேறு பிளாக்கில் மேல்மாடி விழுந்திருக்கும். குலுக்கலில் வீடு ஒதுக்கியவர்களுக்கு, ஒரு தெருவின் அக்கம்பக்கம்தான் அந்தத் தெருவின் காப்பகமும் என்று தோன்றவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு விதத்தில் விடிவு கிடைத்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பசிக்கான திட்டமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஆறு மணிக்குக் கிளம்பும் தாய்க்கு அது அடுப்பு நேரத்தில் அரை மணியை மிச்சப்படுத்துகிறது. பிள்ளை சற்று முன்னதாகவே பள்ளிக்குள் போய்விடுகிறது. நேரத்தைத் தொட்ட திட்டம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும், திட்டமிட்டவர்கள் அப்படி நினைத்தார்களோ இல்லையோ.

நடுவில் எல்.கே.ஜி. என்று ஒரு வேடிக்கை இருக்கிறது. மூன்று வயதானதும் பால்வாடியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தெருமுனை நர்சரியில் சேர்த்துவிடுகிறார்கள். காரணம் ஆங்கிலம். கடன் வாங்கியாவது கட்டணம் கட்டிவிடுவார்கள். அரசும் இதைப் பார்த்து 2019 தொடக்கத்தில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. ஆனால் தனியார் நர்சரி மதியம் பன்னிரண்டரைக்கு விட்டுவிடும். வேன் வந்து தெருவில் நிற்கும். இறக்கிக்கொள்ள யாராவது நிற்க வேண்டும். இலவசப் பால்வாடி மாலை வரை பார்த்துக்கொண்டது, காசு கொடுத்த பள்ளி மதியத்தோடு கைகழுவுகிறது. படிப்பும் பராமரிப்பும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்பதுதான் இந்தக் குடும்பங்களின் தேவை. நம் அமைப்போ ஒன்றை ஒரு துறைக்கும் மற்றதை இன்னொரு துறைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டது.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வந்த குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டால் இது இன்னும் சிக்கலாகும். முன்பு தனியாக வந்த ஆண்கள் இப்போது மனைவி மக்களோடு வருகிறார்கள். அந்தத் தாய்க்குக் கடைசி வீட்டு அக்காவிடம் கேட்க மொழி இல்லை. ஒடியா பேசும் இரண்டரை வயதுக் குழந்தை அங்கன்வாடியில் தண்ணீர் கேட்டு அழுதால் டீச்சருக்குப் புரிய நாலைந்து நாளாகும். பிறகு குழந்தை முந்திக்கொண்டு தமிழ் பேசிவிடும். அது வேறு கதை.

இத்தனைக்கும் நடுவில் காப்பகம் என்றே ஒரு திட்டமும் இருந்தது. ராஜீவ் காந்தி பெயரில் 2006-இல் ஆரம்பித்து, 2017-இல் தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டமாகப் பெயர் மாறி, 2022-இல் ‘பால்னா’ ஆனது. காப்பகத்துக்கு 25 குழந்தைகள், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதம் 26 நாள், ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். காகிதத்தில் மேலே சொன்ன ஓட்டையை அடைக்க இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடையாது. நடந்தது வேறு. 2017-இல் மத்திய அரசின் பங்கைக் குறைத்து மாநிலத்தின் தலையிலும் தொண்டு நிறுவனத்தின் தலையிலும் மீதியைப் போட்டதும், நாடெங்கும் இருபதாயிரத்துக்கும் மேல் இருந்த காப்பகங்கள் மளமளவென்று மூடப்பட்டுச் சில ஆயிரமாகச் சுருங்கின. அந்தத் திட்டத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. ஒரு நாளைக்கு நூறு ரூபாய்கூட ஆகாத உதவியாளர் வேலைக்கு யார் நிலைத்து நிற்பார்கள்?

அங்கன்வாடியை மாலை ஏழு மணி வரை திறந்துவைத்தால் முடிந்தது என்று பேசுகிறவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டீச்சர் செய்கிற வேலை பாட்டுச் சொல்லிக்கொடுப்பது மட்டுமல்ல. எடை பார்த்துச் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்க வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏற வேண்டும். அதற்கு வருவது சம்பளம் அல்லவாம், மதிப்பூதியம். அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில்தான் சொன்னது. அவர்களிடம் இன்னும் மூன்று மணி நேரத்தை இலவசமாகக் கேட்பது, ஒரு ஏழைப் பெண்ணின் பாரத்தை இறக்கி இன்னொரு ஏழைப் பெண்ணின் தலையில் வைப்பதாகும். இரண்டாவது ஷிப்டுக்கு இரண்டாவது ஆள், உரிய கூலியோடு. வேறு வழி இல்லை.

செய்ய முடியாத காரியமும் இல்லை. அகமதாபாத்தில் சுயதொழில் பெண்களின் சங்கமான சேவாவைச் சேர்ந்தவர்கள் 1986-லேயே சங்கினி என்ற கூட்டுறவை அமைத்து, உறுப்பினர்கள் வேலைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்கு ஏற்பக் காப்பகங்களை நடத்தினார்கள். டெல்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில் வெயிலில் கிடந்த குழந்தையைப் பார்த்து மீரா மகாதேவன் 1969-இல் தொடங்கிய மொபைல் கிரீச்சஸ், கட்டடம் நகர்ந்தால் கூடவே நகர்கிற காப்பகத்தை நடத்திக் காட்டியது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2023 முதல் ‘கூசின மனெ’ என்ற பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் நடக்கிறது. பார்த்துக்கொள்பவர்கள் ஊரக வேலைத் திட்டத்தில் பதிந்த பெண்களே. அந்தத் திட்டக் கூலியே அவர்களுக்கும். நான்காயிரம் பஞ்சாயத்துகளை இலக்காக வைத்துத் தொடங்கினார்கள். இதில் தமிழ்நாடு காப்பியடித்தால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

அப்பாக்கள் எங்கே என்று இவ்வளவு நேரம் யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் கொடுக்கிறாள், வீட்டு வேலை செய்யும் ஆண் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரி. கையே வைக்காதவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

இரவு ஷிப்ட் இன்னும் பாக்கி இருக்கிறது. பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்ற பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் ரத்து செய்தது. பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை என்று நிபந்தனைகளும் விதித்தது. பஞ்சாலைகளிலும் இன்னும் பல இடங்களிலும் இரவுக்கும் பெண்கள் வருகிறார்கள். இரவு பத்து மணிக்குத் திறந்து காலை ஆறு மணிக்கு மூடும் காப்பகம் ஒன்றை அரசுத் திட்டம் எதிலும் யாரும் எழுதிவைக்கவில்லை. பகலில் அவள் தூங்க வேண்டுமே, அப்போது பிள்ளை யாரிடம் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இவையெல்லாம் குழந்தை நன்றாக இருக்கும் நாட்களுக்கான ஏற்பாடு. காய்ச்சல் வந்தால் எந்தக் காப்பகமும் சேர்த்துக்கொள்ளாது, சேர்த்துக்கொள்ளவும் கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போகும், வருகை போனஸ் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். மழைக்காலத்தில் ஒரு வயதுக் குழந்தைக்கு மாதத்துக்கு ஒருமுறை சளி பிடிப்பது சாதாரணம். அதனால்தான் காலை எட்டு மணிக் கட்டைப்பையில் மருந்துப் புட்டி இருக்கிறது. விடும்போதே ஒரு வேளை மருந்து கொடுத்து, உடம்பு சுடவில்லை என்று காட்டி, விட்டுவிட்டு ஓட வேண்டும்.